கற்றாழை வேறு, ஆனைக்கற்றாழை வேறு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். காரைக்குடியில் பனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை, அதில் ஏறும் இரும்பு ஏணி மட்டும் தெரிந்தது. காற்று இல்லை. மொட்டைமாடியிலிருந்து என் மனைவி சிவகாமி குரல் கொடுத்தாள்.

"கத்தாழ பூத்திருக்கு. வந்து எண்ணுறீகளா?"

எனக்கு எண்பத்திரண்டு வயது. மாடிக்குப் பதினெட்டுப் படிகள். ஏழாவது படியில் ஒரு முறை, பதின்மூன்றாவது படியில் ஒரு முறை நின்றுதான் ஏறுகிறேன். போய்ச் சேர்வதற்குள் பனி கொஞ்சம் விலகியிருந்தது. மண்தொட்டியில் இருந்த கற்றாழை இரண்டே முக்கால் அடிக்கு ஒரு தண்டை நீட்டியிருந்தது. தண்டின் மேல்பாதியைச் சுற்றி மஞ்சள் பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கின. அதற்கும் மேலே மொட்டுகள்.

"பூவும் மொட்டும் சேத்து நாப்பத்தி மூணு," என்றாள். "நீங்க எண்ணுங்க."

கண்புரை எடுத்த கண். மெதுவாகத்தான் எண்ண முடிந்தது. நாற்பத்து மூன்று.

"சரிதான்," என்றேன்.

"அதிசயந்தான். அம்பத்தஞ்சு வருசத்துல இந்தக் கணக்காவது ஒத்துப்போச்சு."

அவள் எந்தக் கணக்கைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்போல் திரும்பிக்கொண்டேன். ஊற்றியது அதிகமாகிவிட்டது. கற்றாழைக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

கீழே வரும்போது ஓரத்தில் முறிந்து கிடந்த ஒரு மடலை எடுத்து வந்தேன். கற்றாழை மடலைக் கிள்ளினால் முதலில் மஞ்சளாக ஒரு கசப்பு நீர் வரும், பிறகுதான் கண்ணாடிபோல் சோறு. அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு என் தாயார் எண்ணெய் காய்ச்சும் இரும்புச்சட்டி நினைவுக்கு வரும். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சரிபாதி ஊற்றி, கற்றாழைச் சோற்றை ஏழு முறை கழுவிப் போடுவார்கள். சடசடவென்று பொரியும். அந்த எண்ணெயைத் தடவித்தான் எனக்கு முடி நன்றாக வளர்ந்தது என்பார்கள். முப்பத்தொன்றாவது வயதில் அது கொட்டத் தொடங்கியதற்கு அவர்கள் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

இன்னொரு வாடையும் உண்டு. அது ஆனைக்கற்றாழையின் வாடை. மடலை வெட்டி ஊருணி ஓரத்துச் சேற்றில் பத்துப் பதினைந்து நாள் ஊறப்போட்டு, அழுகியபின் அடித்து அலசி நார் எடுப்பார்கள். கன்றுக்குட்டி கட்டுகிற கயிறு அந்த நாரில்தான் திரிப்பார்கள். ஊறல் எடுக்கிற நாளில் நான் வேலை பார்த்த கல்லல் ஸ்டேஷனில் ரயில் நின்றால், பயணிகள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். ரயில்வே ஊழியர்கள் எல்லாரும் குளிக்காதவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் 1966இல் கல்லலுக்கு டிக்கெட் கொடுக்கும் எழுத்தராக வந்தேன். வயது இருபத்து மூன்று. பி.யூ.சி. படித்தவன், தாவரவியலில் எழுபத்தொரு மதிப்பெண். மீட்டர்கேஜ் பாதை. ஒரு நாளைக்கு இருபுறமும் சேர்த்து ஆறு வண்டிகள், மற்ற நேரத்தில் வெயில். அட்டை டிக்கெட்டில் தேதி குத்துகிற இயந்திரம் 'டொக்கு டொக்கு' என்று சத்தம் போடும். ஒரு வண்டிக்கு எத்தனை டொக்கு என்பதை அதை அழுத்தும்போதே மனத்துக்குள் எண்ணிவிடுவேன், மாலையில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. என்னோடு வேலை பார்த்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் சோலை இதைப் பெரிய வித்தையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். "எங்க சார் நடக்கயிலகூட கட்டைய எண்ணிக்கிட்டுத்தான் நடப்பாரு." உண்மைதான். பிளாட்பாரம் ஓரமாகத் தண்டவாளத்துக் கட்டைகள் இருநூற்றுப் பதினான்கு.

பிளாட்பாரத்தின் கிழக்கு முனையில் எனக்குக் கொடுத்த ஓட்டு வீடு. நானும் என் தாயாரும் இருந்தோம். வீட்டுக்கும் பாதைக்கும் நடுவே வேலியாக ஆனைக்கற்றாழை வரிசை. அந்நாளில் எல்லா ஸ்டேஷன்களிலும் அதுதான் வேலி, அதனால் அதற்கு ரயில் கற்றாழை என்றே பெயர். ஒவ்வொரு மடலும் ஆள் உயரம், நுனியில் கறுப்பாக ஒரு முள். ஆடு மாடு கிட்டே வராது. என் தாயார் வந்த அன்றே எங்கிருந்தோ ஒரு சின்னக் கற்றாழையை வேரோடு பிடுங்கிவந்து, கயிற்றில் கட்டி, நிலைவாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கண் படாமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தொங்குவதுதான். மண்ணும் இல்லாமல் நீரும் இல்லாமல் அது காற்றைக் குடித்தே உயிர் வாழும். சில வீட்டில் தொங்கியபடியே பூக்கும். அப்படிப் பூத்தால் அந்த வீட்டுக்கு நல்ல காலம் என்று பேச்சு. எங்கள் வீட்டில் 1969 பங்குனியில் அது பூத்தது. பத்தொன்பது பூ.

ஆனால் அதற்கு முன்பே வேலியில் வேறொன்று தொடங்கிவிட்டது. 1969 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. வீட்டுக்கு நேர் எதிரே இருந்த ஆனைக்கற்றாழையின் நடுக்குருத்தைப் பிளந்துகொண்டு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு முளை. யானையின் தந்தம்போல் தடித்திருந்தது. மறுநாள் பார்த்தேன், மூன்றரை அங்குலம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் நான்கு. அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிட்டேன்.

உள்ளபடி சொல்கிறேன், அந்த எழுபத்தாறு நாட்களைப்போல் நான் எதையும் அனுபவித்ததில்லை. முதலில் மரஸ்கேல். பிறகு சோலை வெட்டிக்கொடுத்த மூங்கில் கழியில் அடி, அங்குலம் குறித்து அளந்தேன். கழிக்கும் மேலே போனபின், காலை வண்டி போனதும் ஒரு அடி ஸ்கேலைத் தரையில் நட்டு, அதன் நிழலையும் தண்டின் நிழலையும் அளந்து வகுத்துக் கண்டுபிடித்தேன். ஒரே நாளில் ஏழு அங்குலம் வளர்ந்த நாளும் உண்டு. ஏப்ரல் 20ஆம் தேதி நின்றது. இருபத்திரண்டு அடி நான்கு அங்குலம். உச்சியில் சுற்றிலும் கிளைகள் விரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் கையில் தட்டு ஏந்தியதுபோல் பூக்கொத்து. சிக்னல் கம்பத்தைவிட உயரம். என்ஜின் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். என்னவோ நானே வளர்ந்ததுபோல் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

பூ உதிரத் தொடங்கியதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள். அதைக் கண்டு நானே ஒரு கணம் ஏமாந்தேன், அண்ணன் தம்பிதான்போல என்று. பிறகு பிளேடால் கீறினேன். கற்றாழைப் பூவில் சூல்பை இதழுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆனைக்கற்றாழையில் பூவுக்குக் கீழே, காம்பு தடித்ததுபோல் வெளியே தெரிகிறது. அது தரையைப் பார்த்துப் பூக்கும், இது வானத்தைப் பார்த்து. அதன் மடலை முறித்தால் சோறு, இதன் மடலை முறிக்கவே முடியாது, கிழித்தால் நார். அந்த முள்ளை நகத்தால் எடுத்துவிடலாம். இந்த முள் செருப்பைத் தாண்டும். நோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக எழுதி வந்தேன். முப்பத்தொரு வேறுபாடுகள் சேர்ந்தன. கடைசி வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, ஒரு கையில் இதன் சாற்றையும் மறு கையில் அதன் சாற்றையும் தேய்த்துக்கொண்டேன். கற்றாழை குளிர்ந்தது. ஆனைக்கற்றாழை தடித்து, சிவந்து, மூன்று நாள் அரித்தது. ஒரு கையால் சொறிந்துகொண்டே டிக்கெட் கொடுத்தேன். பயணிகள் மீதிச் சில்லறையை வாங்கத் தயங்கினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு இதுதான். கற்றாழை வருடா வருடம் பூக்கும். ஆனைக்கற்றாழை பத்து, இருபது வருடம் சும்மா கிடந்து, ஒரே ஒரு முறை பூத்து, பட்டுப்போகும்.

இந்த இடத்தில்தான் என் கல்யாணம் வருகிறது.

எனக்கு இருபத்தாறு வயது முடிந்திருந்தது. தகப்பனார் இல்லை. திருக்கோஷ்டியூரில் இருந்த என் தாய்மாமா கருப்பையாதான் பெண் பார்த்தார். சிவகங்கைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். பெண் டீச்சர். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இன்னும் இரண்டு டீச்சர்களோடு வாடகைக்கு இருந்துகொண்டு, சனிக்கிழமை மதிய வண்டியில் ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலை வண்டியில் திரும்புவாள். அதாவது வாரத்தில் இரண்டு முறை என் ஸ்டேஷனைத் தாண்டுகிறவள். பெண் பார்க்கப் போனபோது நான்கு நிமிடம் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஆனால் நெற்றியில் ஒரு மரு இருப்பதை அதற்குள் பார்த்துவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதுவரை நான்கு இடம் தட்டிப்போயிருந்தது, சம்பளம் குறைவு என்று இரண்டு, ஓட்டு வீடு என்று ஒன்று, ஆள் ஒரு மாதிரி என்று ஒன்று. இதுவும் போனால் மாமா இனி அலைய மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயிலில் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அவருடைய அக்கா, இன்னும் மூன்று பேர். அந்த அக்கா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்று மாமா முன்பே எச்சரித்திருந்தார். என் தாயார் பானகம் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அந்த அம்மாள் நிலைவாசலை அண்ணாந்து பார்த்தார்.

"தொங்கவிட்ட கத்தாழ பூத்த தண்டுல்ல தெரியுது. நல்ல வீடுதான்," என்றார்.

பிறகு வெளியே பார்த்தார்.

"அது என்ன, அம்புட்டு ஒசரத்துக்கு நிக்கிது?"

மாமா கெட்டிக்காரர். "அதுவும் கத்தாழதான் மதினி. இது குட்டி, அது ஆன. குட்டி பூத்ததுக்கே நல்ல வீடுங்கிறீக. ஆன பூத்தா எம்புட்டு நல்லதுன்னு நீங்களே பாருங்க."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். தட்டுக்கும் மாமா கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லங்க. ரெண்டும் வேற வேற செடி."

மாமா என் தொடையைக் கிள்ளினார். நான் அதைக் கொசு என்று நினைத்தேன். நோட்டை எடுத்து வந்து, சூல்பையிலிருந்து தொடங்கினேன். பதினொரு நிமிடம் பேசினேன். எல்லாரும் கவனமாகக் கேட்பதுபோலவே இருந்தது.

"சரி தம்பி," என்றார் அந்த அம்மாள். "பூத்த பெறகு?"

"பட்டுப்போகும்."

"எது?"

"செடிதாங்க. ஒரு தடவதான் பூக்கும். பூத்ததும் செத்துப்போகும்."

மேற்கே சரக்கு வண்டி ஒன்று ஊதியது. அது ஸ்டேஷனைத் தாண்டிப் போயிற்று. பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "பூத்துச் சாகுறது வாசல்ல நிக்கிற வீட்டுக்கு எங்க புள்ளய வாழ அனுப்பவா. எந்திரி தம்பி." பெண்ணின் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே எழுந்தார். தட்டும் எழுந்தது.

அவர்கள் போனபின் மாமா பேசியதில் அச்சில் போடக்கூடியதை மட்டும் சொல்கிறேன். "ஒன்னய யாருடா கேட்டா? டிக்கெட்டு குடுக்கிறவன் டிக்கெட்ட மட்டும் குடுக்க வேண்டியதுதானே. ஒரு நாழி வாய மூடிக்கிட்டிருந்தா ஒனக்கு என்ன காச்சலா வந்துரும்?"

"நீங்க சொன்னது தப்பு மாமா."

"தப்புதான்டா. தப்புன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பரிச்சையா எழுதுனேன்?"

நான்காம் நாள் செய்தி வந்தது. அந்தச் செடியை வெட்டி எறிந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்று. சோலை அரிவாளோடு வந்து நின்றார். "ரெண்டே வெட்டு சார். காத்துல விழுந்துருச்சுன்னு சொல்லிப்புடலாம்." ரயில்வே சொத்து, எழுத்துமூலம் அனுமதி வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. வெட்டினால், அது கெட்ட செடிதான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அது செய்த குற்றம் என்ன? இருபது வருடம் ஓசி நிலத்தில் முள்ளோடு கிடந்து, ஒரு முறை இருபத்திரண்டு அடிக்கு எழுந்து நின்றது. மனிதர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? வெட்ட மாட்டேன் என்று மாமாவுக்குத் தபால் கார்டு எழுதினேன். எழுதிவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தேன். ஜூன் தொடக்கத்தில் பார்சல் தராசில் ஏறி நின்று பார்த்தேன். இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது.

பள்ளிக்கூடம் திறந்தது. திங்கட்கிழமை வண்டி வந்தால் நான் டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே கணக்குப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன். ஜூலை 14, திங்கட்கிழமை. இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்கும் வேலை சோலைக்கு. அன்று அவருக்குக் காய்ச்சல். நானே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பெண்கள் பெட்டி எப்போதும் கிழக்கு முனையில்தான் நிற்கும். ஜன்னலில் சிவகாமி. கரும்பச்சைப் புடவை, மடியில் துணிப்பை. என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இருபத்தாறு கெளைங்க," என்றாள்.

பெண் கேட்டு மறுத்த வீட்டுப் பெண். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

"இருபத்தேழு," என்றேன்.

"நாலு வாரமா வரயில ஒருக்கா, போகயில ஒருக்கா எண்ணிக்கிட்டு வாரேன். ஒம்போது தடவ ஆச்சு. இருபத்தாறுதான்."

"வண்டியிலேருந்து பாத்தா வடக்குப் பக்கம் ஒண்ணு மறையும்."

"வண்டி நகரயில அதுவும் தெரியும். அதையும் சேத்துத்தான்." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நீங்க நுனியவும் கெளைன்னு எண்ணிட்டீகளா?"

"நுனிய எப்படிங்க எண்ணுவேன். நான் தாவரவியல் படிச்சவன்."

"நான் கணக்கு டீச்சர்," என்றாள்.

கார்டு விசில் ஊதினார். நிறுத்தம் இரண்டு நிமிடம். வண்டி நகர்ந்தபின்தான் ஒருவரிடமும் நான் டிக்கெட் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று இறங்கிப்போன ஒன்பது பேரும் நேர்மையானவர்கள் என்றே நம்புகிறேன். அதற்குப் பிறகு திங்களும் சனியும் நானே பிளாட்பாரத்தில் நின்றேன். சோலைக்குக் காய்ச்சல் விட்டபிறகும். பேச்சு எப்போதும் ஒன்றுதான். "இருபத்தாறு." "இருபத்தேழு." வேறொரு வார்த்தையும் நாங்கள் பேசியதில்லை. இதைக் காதல் என்று சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் சிவகாமியின் அப்பா தனியாக வந்து இறங்கினார். குடையை மடக்கி, நேரே வேலிக்குப் போனார். செடி செத்துக்கொண்டிருந்தது. ஆள் உயர மடல்கள் சாய்ந்து மஞ்சளாகத் தரையில் கிடந்தன. தண்டு மட்டும் நின்றது. ஆனால் பூ உதிர்ந்த ஒவ்வொரு கிளையிலும் விரல் நீளத்துக்குப் பச்சைப் பச்சையாகக் குட்டிகள் முளைத்து, மழைக்குச் சொத்துச் சொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. விழுந்தவை ஈர மண்ணில் வேர் பிடித்திருந்தன. அவர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். விவசாயி பார்க்கிற பார்வை.

"எத்தன இருக்கும் தம்பி?"

"இதுவரைக்கும் விழுந்தது ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டுங்க. நானும் சோலையும் மூணு ஞாயித்துக்கெழம எண்ணுனோம். மேல இருக்கிறது தனி."

அவர் சிரித்தார். மழையில் நனைந்துகொண்டே சிரித்தார்.

"எங்க அக்கா இப்பவும் வேணாங்குது. ஒங்க டீச்சரு ஒரு கேள்வி கேட்டுப்புட்டா. வாழையும் ஒருக்காத்தான் குலை தள்ளுது, தள்ளுனதும் சாகுது. அதத்தானே அத்தை ஒவ்வொரு கல்யாண வாசல்லயும் கட்டுறோம்னா. அக்கா எந்திரிச்சு உள்ள போயிருச்சு."

வாழை. முப்பத்தொரு வேறுபாடு எழுதியவன், நாற்பது பக்கம் தீர்த்தவன், வீட்டுக் கொல்லையில் ஏழு வாழை வைத்திருந்தவன், எனக்கு அது தோன்றவே இல்லை. இன்றைக்கும் யாராவது என் மனைவியைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

"இன்னொண்ணும் சொன்னா," என்றார் அவர். "தன் கல்யாணத்துக்காகக்கூடப் பொய் சொல்லாத மனுசன் வேற எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு. அதான் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

1970 தை மாதம் கல்யாணம். வாசலில் இரண்டு வாழை. அந்த அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து வாழையையே முறைத்துக்கொண்டிருந்தார். மாமா எல்லாரிடமும், பையன் உண்மை பேசுவான் என்று தெரிந்துதான் அன்றைக்குப் பேசவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணவறையில் புகைக்கு நடுவே குனிந்த தலையோடு சிவகாமி என்னிடம் முதலில் சொன்ன சொல், "இருபத்தாறு."

ஐம்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ சண்டை. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், நான் மின்விசிறியை எண்ணி எண்ணி அணைப்பது. எதிலும் அவள் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. அவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். எனக்கு அதுதான் பட்டம், பரிசு எல்லாம்.

கல்லல் ஸ்டேஷனுக்கு இரண்டு வருடம் முன்பு மகனின் காரில் போனேன். அகலப்பாதை வந்துவிட்டது. நான் எண்ணிய மரக்கட்டைகள் இல்லை, எல்லாம் சிமெண்டுக் கட்டை. எண்ணத் தொடங்கி, மகன் கூப்பிட்டதால் எண்பத்தெட்டில் விட்டுவிட்டேன். ஓட்டு வீடு இருந்த இடத்தில் கருவேல மரம். டொக்கு என்று தேதி குத்துகிற இயந்திரம் இல்லை, அட்டை டிக்கெட் இல்லை. சோலை இல்லை, அவர் போய்ப் பதினாறு வருடம். வேலி முழுக்க சிமெண்டுக் கம்பமும் கம்பியும். அந்த ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில், நானும் சோலையும் வரிசையாக நட்ட இருநூறில், ஒன்றே ஒன்று எங்காவது இருக்குமா என்று மேற்கு சிக்னல்வரை நடந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிலைவாசலில் தொங்கிய சின்னதன் வழி வந்ததுதான் இன்றைக்கு மாடியில் பூத்திருக்கிறது. பெரியதன் வழியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் இதையும் எழுதிவிடுகிறேன். 1970 ஆனியில் ஸ்டேஷன் எல்லையில் பட்டுப்போன மரம், காய்ந்த புல் எல்லாம் ஏலம் போட்டார்கள். அந்தத் தண்டும் அதில் ஒன்று. காய்ந்தபின் பஞ்சுபோல் கனமில்லாமல் இருக்கும், பந்தலுக்கு ஆகும் என்று டீக்கடைக்காரர் கேட்டார். "விழட்டும் சார், தழும்ப எண்ணிப் பாத்துருவோம். டீச்சரம்மா கணக்கா, ஒங்க கணக்கான்னு தெரிஞ்சுபோகும்," என்று சோலை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் அவசரமாக விலையை ஏற்றி எடுத்துவிட்டேன். மறுநாள் சிவகாமி பள்ளிக்கூடம் போனபின், தண்டைக் கொல்லையில் கிடத்தி, கிளை முறிந்த தழும்புகளை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு வைத்து எண்ணினேன். ஏழு முறை. இருபத்தாறு. நுனியைச் சேர்த்தால் இருபத்தேழு. நான் நுனியைச் சேர்த்துத்தான் அத்தனை மாதமும் எண்ணியிருக்கிறேன்.

தச்சரிடம் ரம்பம் வாங்கிவந்து மேல்பகுதி ஏழு அடியை அறுத்து அடுப்பில் வைத்தேன். மீதியை ரேடியோ ஏரியல் கட்ட ஓட்டின் மேல் நட்டேன். மாலையில் அவள் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"எண்ணுனீகளா?"

"நுனி ஒடஞ்சு போச்சு. ஆனா ஒடையுமுன்ன எண்ணிட்டேன். இருபத்தேழு."

அவள் அடுப்படிக்குள் போனாள். சாம்பலைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. "சரி," என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான், பூதக்கண்ணாடி வைத்து, பிழை திருத்தி. இதையும் நாளைக் காலை படிப்பாள். சிவகாமி, இருபத்தாறு. ஏலத்தில் மூன்று ரூபாய் இருபத்தைந்து காசு, ரம்ப வாடகை இருபத்தைந்து காசு. ஆக மொத்தம் மூன்று ரூபாய் ஐம்பது காசு.